மிளகாய் அரைத்த கை

மட்டாஞ்சேரி
3 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் இசக்கிசெல்விக்கு,

உன் தாய்மாமன் சுடலைமணி எழுதுவது. நானும் உன் அத்தை அங்கம்மாளும் இங்கே தேவலை. நீயும் என் அக்கா வசந்தியும் தென்காசியில் சௌகரியந்தானே? மருந்துக்கடையில் உனக்குச் சம்பளம் கூட்டினார்களா? கூட்டாவிட்டால் சொல், நான் ஒரு வார்த்தை பேசுகிறேன். என் குரலைக் கேட்டால் கொச்சித் துறைமுகத்தில் கப்பலே பின்னால் நகரும்.

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். எங்கள் வீடு ஒற்றை அறை. நான் போனை எடுத்தால் உன் அத்தையின் காது அடுப்பை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பதிலையும் வீட்டுக்குப் போடாதே. நம்ம ஊர் இசக்கிராஜாவின் தேய்ப்புக் கடை விலாசம் பின்பக்கம் இருக்கிறது, அதற்குப் போடு.

விஷயம் இதுதான். இங்கே எனக்கு ஒரு சிநேகிதன். ஆள் என்னைப்போலவே வாட்டசாட்டம், மீசை மட்டும் என்னைவிடக் கொஞ்சம் குறைவு. அவனுக்கு நெஞ்சில் ஒரு சின்ன ஆபரேஷன். ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன்: டமாக்சிபென். அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து அடுப்பு மூட்டினாற்போல் ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, மண்டை என்று ஏறுகிறதாம். சட்டை நனைந்து பிழியலாமாம். ஐந்து நிமிஷம் கழித்துக் குளிருகிறதாம். கெண்டைக்கால் இழுக்கிறதாம். போன வாரம் டிவியில் பட்டுப்புடவை விளம்பரத்தைப் பார்த்து அழுதிருக்கிறான். ஆம்பளை! அதற்கு மாற்று மருந்து உண்டா? பாவம், கேட்டுச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு, சரக்குக் கிட்டங்கியில் தன் கை படாமல் ஒரு மிளகு மூட்டையும் நகராத உன் மாமா,
சுடலைமணி

*

தென்காசி
11 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். சம்பளம் கூட்டவில்லை. நீங்கள் பேச வேண்டாம்.

உங்கள் சிநேகிதருக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள்.

அது மார்புப் புற்றுக்குக் கொடுக்கும் மாத்திரை. அந்தப் புற்று பெண்ணின் உடம்பில் சுரக்கும் ஒரு சத்தைத் தின்று வளரும். அந்தச் சத்து ஆண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. அது புற்றுக்குப் போய்ச் சேராமல் மாத்திரை வழியை அடைக்கிறது. அடைப்பதால்தான் சூடு, வேர்வை, கால் இழுப்பு, அழுகை எல்லாம். மார்புப் புற்று வந்த நூறு பேரில் ஒருவர் ஆண் என்று படித்திருக்கிறேன். அதனால் அவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சூட்டைக் குறைக்க மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். தானாக மட்டும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. காரத்தையும் சாயாவையும் குறைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது வந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போன நோய் திரும்பி வர வழி திறந்துவிடும்.

நான்காவது விஷயம். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நீங்கள் சட்டையோடு குளத்தில் குளித்தீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு தெருவையே ஒரு சுற்றுச் சுற்றுகிற மாமா! வெலிங்டன் தீவில் ஒரு வெள்ளைக்காரியைக் காப்பாற்றப் போய்க் கப்பல் கொக்கி குத்திவிட்டது என்றீர்கள். அம்மா நம்பினாள். நான் அன்றைக்கே நம்பவில்லை.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உண்மையை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
இசக்கிசெல்வி

*

மட்டாஞ்சேரி
20 பிப்ரவரி 2025

என் மருமகளே,

உன் மூளை உன் அப்பன் வழி இல்லை, என் வழி.

சரி. சிநேகிதன் இல்லை, நான்தான். வெள்ளைக்காரியும் இல்லை. ஆனால் கொக்கி இருந்தது. அதாவது கிட்டங்கிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷம் குளிக்கும்போது இடது மார்புக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. நானும் மிளகுத் தூசிக் கட்டி என்று நினைத்துவிட்டேன். அது ஏலக்காய் அளவுக்கு வந்தபோது உன் அத்தை பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மார்பை எடுத்தார்கள், அக்குளிலும் ஏதோ எடுத்தார்கள். இடக்கையால் இனிமேல் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிவிடும் என்றார்கள். எட்டு டாக்டர்கள் என்னைச் சுற்றி நின்று, இப்படி ஒரு நெஞ்சை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். இரண்டு டாக்டர்கள். ஒருவர்தான் சொன்னார்.

ஆபரேஷனை ஆட்டுக்குட்டிபோல் தாங்கிவிட்டேன் மருமகளே. இந்த வரிசையைத்தான் தாங்க முடியவில்லை. மாதம் ஒருதரம் போக வேண்டும். மார்புப் புற்றுப் பகுதியில் எல்லாருக்கும் ரோஸ் நிறத்தில்தான் பைல். நாற்பது பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான், என் மீசையோடு. நர்ஸ் வந்து, "சுடலைமணி ஆரா? பர்த்தாவாணோ? பேஷன்ட் எவிடே?" என்பாள், என்னைப் புருஷன் என்று நினைத்து. நான்தான் பேஷன்ட் என்று சொல்வதற்குள் அந்தச் சூடு கிளம்பி மண்டையில் ஏறிவிடும். நாற்பது பெண்களும் என்னைப் பார்ப்பார்கள். ஒரு கிழவி தன் முந்தானையால் எனக்கு விசிறிவிட்டாள்.

இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. மருமகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை.

பைலை நகைக்கடைத் துணிப்பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். இது எனக்கும் அங்கம்மாளுக்கும் இப்போது உனக்கும் மட்டும் தெரியும். கிட்டங்கியில் ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்தால் நான் அந்த வாசலில் கால் வைக்க முடியாது. எட்டு ஆம்பளைகள் மூட்டை தூக்குகிற இடம் அது.

அக்காவுக்குக் கொக்கியே இருக்கட்டும்.

உன் மாமா,
சுடலைமணி

*

மட்டாஞ்சேரி
18 மார்ச் 2025

இசக்கிசெல்வி,

நலம் விசாரிக்க மனசில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

யாரோ சொல்லிவிட்டான்.

முந்தின திங்கட்கிழமை கிட்டங்கிக்குள் நுழைகிறேன். சுமைக்காரர்களுக்கு மூப்பன் அந்தப்பன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். "வா சேச்சி, இரிக்கு," என்றான். சேச்சி என்றால் இங்கே அக்கா. சுற்றி ஆறு பேர். முதலில் ஒருத்தன் இருமினான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் சுடலைச் சேச்சி. சாயாக் கடையில், "சேச்சிக்கு மதுரம் குறைச்சு." படகுத்துறையில், "சேச்சி, லேடீஸ் க்யூ அப்புறத்தா." முப்பத்தொரு வருஷம் இந்தத் தெருவில் சுமந்திருக்கிறேன். நான் சுமந்த மிளகைக் குவித்தால் மலை நிற்கும்.

யாரென்று எனக்குத் தெரியும். கணக்கர் வெங்கிடேஸ்வரன். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுவார், ஆனால் மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். பிப்ரவரி கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது படகில் எதிரே உட்கார்ந்திருந்தார். துணிப்பைக்கு மேலே பைலின் ரோஸ் முனை தெரிந்தது. "என்ன ஓய், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அடுத்த வாரமே என்னை மூட்டையிலிருந்து மாற்றித் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "எடை போடற ஆளுக்குக் கண்ணு நன்னா இருக்கணும், ஓமக்கு இருக்கு," என்றார். ஆம்பளையை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாருக்கும் காட்சி வைத்தார். வேறு யார்?

சும்மா விடுவேனா? நேற்று ஆனைமலைக்குப் போய் வந்தேன். மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். துரோகம் பண்ணியவனை நினைத்து மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசினால் தொண்ணூறு நாளில் அம்மன் கணக்கைத் தீர்ப்பாள் என்பார்கள். தீர்ந்த பிறகு போய் எண்ணெய்க் காப்பு செய்து அவளைக் குளிர்விக்க வேண்டும். இந்த இடக்கையை வைத்துக்கொண்டு என்னால் குழவியை ஓட்ட முடியவில்லை. உன் அத்தைதான் அரைத்தாள். பெயர் சொல்லாதே, வெளியே சொன்னது யாரோ அவர் எரியட்டும் என்று நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் வாய் திறக்காமல் அரைத்தாள். அவளுக்கும் அவ்வளவு ஆத்திரம்! நல்ல பெண்டாட்டி.

அங்கேயே ஒரு நேர்ச்சையும் போட்டேன். அவனவன் மீனை விடுவான், உப்பை விடுவான். நான் மாத்திரையை விட்டேன். சொன்ன ஆள் என் கண் முன்னால் தரையில் விழுகிற நாள்வரை மாத்திரையைத் தொட மாட்டேன் என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டேன். இது உன் அத்தைக்குத் தெரியாது. இன்றைக்கு ஒன்றை அட்டையிலிருந்து பிதுக்கிப் படகுத்துறையில் தண்ணீருக்குள் போட்டேன், இனித் தினமும் அப்படித்தான்.

பழி எடுக்காமல் சாக மாட்டேன்.

சுடலைமணி

*

தென்காசி
25 மார்ச் 2025

மாமா,

கடையில் ஆள் நிற்கும்போதே உங்கள் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். ஒருவர் இருமல் மருந்து கேட்டார், நான் பேதி மருந்தை எடுத்து வைத்தேன்.

அவர் விழ வேண்டும் என்று நீங்கள் உங்கள் மருந்தை விடுகிறீர்களா? அடுத்த வீட்டுக்காரன் கூரை பற்ற வேண்டும் என்று நம் வீட்டில் நெருப்பு வைத்ததாக யாராவது உண்டா? அம்மன் உங்களிடம் மாத்திரையைக் கேட்டாளா? வேண்டுமென்றால் சாயாவை விடுங்கள். பீடியை விடுங்கள். அந்தப் பெருமைப் பேச்சைக் கொஞ்ச நாள் விடுங்கள், அம்மனுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நாளைக்கே மாத்திரையைத் தொடங்குங்கள். விட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். பழியைப் பிறகு பார்க்கலாம். பழி எடுக்கவும் ஆள் வேண்டுமே.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இசக்கிசெல்வி

*

மட்டாஞ்சேரி
14 ஏப்ரல் 2025, விஷு

மருமகளுக்கு விஷுவும் புத்தாண்டும் சேர்ந்த வாழ்த்து. அக்காவுக்கும் சொல்.

உன் மருந்துப் படிப்பெல்லாம் அம்மன் காலடியில் தூசி. கேள். மாத்திரை விட்டு நாலு வாரம். அந்தச் சூடு பாதிக்குமேல் போய்விட்டது! கால் இழுப்பு குறைந்துவிட்டது! நேற்று அந்தப் பட்டுப்புடவை விளம்பரம் வந்தது, கல்லுபோல் உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சூடெல்லாம் எங்கே போயிற்று? வெங்கிடேஸ்வரன் கழுத்து முழுக்க வேர்க்குரு. சொறிந்துகொண்டே கணக்கு எழுதுகிறார். "என்ன ஓய், இந்த வருஷம் இப்படி உஷ்ணம்!" என்கிறார். எனக்குள் சிரிப்பு பொங்கியது. என் உடம்பிலிருந்து எடுத்து அவர் உடம்பில் போட்டுவிட்டாள் தாயி.

தொண்ணூறு நாள் பொறுமை எனக்கு ஏது? அம்மனுக்கு ஒத்தாசையாக நானும் ஒரு வேலை செய்தேன். எங்கள் முதலாளி சேட்டுக்கு மொட்டைக் கடிதாசி. வெங்கிடேஸ்வரன் மிளகில் பப்பாளி விதை கலக்கிறார், இருபது வருஷமாகக் கலக்கிறார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இரண்டு பக்கம். ஒரு கலப்படமும் இல்லை, ஆனால் படித்தால் நீயே நம்புவாய், அவ்வளவு விவரம். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடக்கையால் எழுதினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது, பரவாயில்லை. எர்ணாகுளத்துக்குப் போய்த் தபாலில் போட்டேன். சேட்டு மகள் கல்யாணத்துக்கு ஜாம்நகர் போயிருக்கிறார், மே கடைசியில் வருவார். வந்ததும் பிரிப்பார். பிரித்ததும் கணக்கருக்குச் சீட்டுக் கிழியும். வாசலில் கால் தடுக்கி அவர் விழுவார், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். அன்று சாயங்காலம் உன் மாத்திரையைச் சாப்பிடுகிறேன். போதுமா?

வெற்றிக்குப் பக்கத்தில் நிற்கும் உன் மாமா,
சுடலைமணி

*

மட்டாஞ்சேரி
22 ஏப்ரல் 2025

செல்விக்கு அங்கம்மாள் அத்தை எழுதியது.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மலையாளம்தான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தமிழ் எழுத்து கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மாமா சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் உன் கடிதம் இருந்தது. மாத்திரையை விட்டிருக்கிறார் என்று அதில்தான் தெரிந்தது. அட்டையில் தினம் ஒன்று குறைகிறதே என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

செல்வி, கிட்டங்கியில் சொன்னது நான்தான்.

அவர் ஆபரேஷன் முடிந்து வேலைக்குப் போனார். ஒன்றுமில்லாத மாதிரி மூட்டை எடுத்தார். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா. வேண்டுமென்றே இடது தோளில் எடுத்தார். ராத்திரி கை தடித்துப் போய்ச் சட்டைக் கை கழலாது. நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். மூன்று சட்டை வெட்டினேன். நாலாவது சட்டை வெட்டின மறுநாள் கிட்டங்கி வாசலுக்குப் போய் அந்தப்பனிடம் சொன்னேன். இன்ன நோய், இன்ன ஆபரேஷன், இவருக்கு மூட்டை கொடுக்காதே, கொடுத்தால் உன் தலையில்தான் பாவம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னால் சத்தம் தெரியாது. மூன்று பேர் கேட்டார்கள்.

வெங்கிடேஸ்வரன் சாருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்ன பிறகு அந்தப்பன் போய், இவருக்கு மூட்டை வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்த சார்தான் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

ஆனைமலையில் மிளகாய் அரைத்தேன் என்று மாமா எழுதியிருப்பார். சொன்னவர் எரியட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அரைத்தேன். என்னைத்தான் சொல்கிறார் என்று அம்மனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நல்லா அரைத்தேன். பாதி அரைப்பில் விட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். இரண்டு நாள் கை எரிந்தது. அவர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

நான் சொல்லிவிட்டால் மாத்திரை சாப்பிடுவாரா? இல்லை என்மேல் உள்ள கோபத்தில் அடியோடு விட்டுவிடுவாரா? நீ படித்தவள், சொல்.

அத்தை

*

தென்காசி
28 ஏப்ரல் 2025

அன்பு அத்தைக்கு,

நீங்கள் செய்தது துரோகம் இல்லை. எங்கள் கடை மருந்து எதுவும் அவர் கைக்கு அவ்வளவு நல்லது செய்திருக்காது.

அவரிடம் சொல்லிவிடுங்கள். கத்துவார், கத்தட்டும். மொட்டைக் கடிதம் ஒன்றும் போட்டிருக்கிறார் அத்தை, வெங்கிடேஸ்வரன் சார்மேல். மே கடைசியில் சேட்டு வந்து அதைப் பிரிப்பார். அதற்குள் மாமாவுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கையையும்.

செல்வி

*

தென்காசி
24 மே 2025

மாமா,

ஐந்து வாரமாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அத்தை எடுத்தாள். "இருக்கார்," என்றாள், வைத்துவிட்டாள்.

வைது எழுதுங்கள். பொய்யாவது எழுதுங்கள். உங்கள் பொய் வராத மாதம் அம்மாவுக்கே பயமாக இருக்கிறது.

மாத்திரை?

செல்வி

*

மட்டாஞ்சேரி
12 ஜூன் 2025

அன்பும் அறிவும் நிறைந்த மருமகளுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. கிட்டங்கிக்குள் மிளகு வாசனையும் ஈரச்சாக்கு வாசனையும் கலந்து கிடக்கின்றன. தராசு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

நீயும் உன் அத்தையும் என் முதுகுக்குப் பின்னால் கடிதாசி போட்டு விளையாடியிருக்கிறீர்கள். அதற்குரிய தண்டனை உனக்குத் தனியாக வரும்.

மே இரண்டாவது வாரம் அவள் சொன்னாள். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்துவிட்டு, எதிரே நின்றுகொண்டு, "நீங்க தேடுற ஆளு நான்தான். கேட்டுக்குப் போய் அந்தப்பன்கிட்ட சொன்னது நான்," என்றாள். "சொன்ன ஆளு விழுந்தா மாத்திரை சாப்பிடுவேன்னு நேர்ச்சை போட்டீங்களாமே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே அடுப்பங்கரைத் தரையில் நீட்டிப் படுத்துவிட்டாள் மருமகளே. "இதோ, உங்க கண் முன்னாலதான் விழுந்துட்டேன். எழுந்திருக்கட்டுமா, இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கணுமா? மாத்திரையைப் போடுங்க."

நான் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனேன். பதினெட்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் மிதித்துத் தள்ளுகிற அளவுக்குக் கோபத்தில் இருந்தேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, அவள் அரைத்த அரைப்பு. விழுது வெண்ணெய்போல் இருந்தது. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் நல்லா அரை, இன்னும் நல்லா அரை" என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரையை எடுப்பேன், வைப்பேன். அவள்மேல் பழி எடுக்காமல் எப்படி முழுங்குவது? முழுங்கினால் தோற்றுவிட்டேன் என்றல்லவா ஆகும்?

மே முப்பத்தொன்றாம் தேதி சேட்டு வந்தார். என் மொட்டைக் கடிதாசி சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதாவது மறக்கவில்லை, அது ஜாம்நகருக்கே பறந்து போய்விடாதா என்று தினம் வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று சனிக்கிழமை. வாரக் கூலிக்கு எல்லாரும் கூடி நிற்கிறோம். அந்தப்பன், அவன் ஆட்கள் ஆறு பேர், நான். பக்கத்தில் கணக்கர். சேட்டு தபாலைப் பிரித்துக்கொண்டே வந்தவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். "இது தமிழல்லே?" என்றார், தமிழ்தானே என்று.

அப்போதுதான் மருமகளே, என் மடத்தனம் எனக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷமாக இவரோடு இருக்கிறேன். இவருக்குக் குஜராத்தி தெரியும், மலையாளம் பேசத் தெரியும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கணக்கருக்கும் தெரியாது. அந்தக் கிட்டங்கியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் யார்?

"சுடலே, ஒன்னு வாயிக்கு. உறக்கே," என்று உரக்க வாசிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

என் கடிதாசி என் கையில். பக்கத்தில் வெங்கிடேஸ்வரன், கழுத்தைச் சொறிந்துகொண்டு, "வாசியும் ஓய், என்னவாம்?" என்று குனிகிறார். அவருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும். எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் அவர் போவார். வாசிக்காமல் நின்றால் நான் போவேன். மாத்திரையே இல்லாமல் எனக்கு அந்தச் சூடு கிளம்பியது.

நான் வாசித்தேன். இரண்டு பக்கமும் வாசித்தேன், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து. அதில் ஒரு வரியும் அந்தத் தாளில் இல்லை.

"சேட்டு அவர்களுக்கு வணக்கம். உங்கள் கிட்டங்கியில் வேலை பார்க்கும் சுடலைமணி என்பவருக்கு மார்பில் புற்று வந்து, எடுத்திருக்கிறார்கள். தினம் ஒரு மாத்திரை. அதனால் வேர்க்கும், கால் இழுக்கும், சில நேரம் அழுகை வரும். அவரே அதை மறைத்து மூட்டை தூக்கிக் கையைக் கெடுத்துக்கொண்டார். நாற்காலி போட்டுக் கொடுத்த கணக்கர் நல்ல மனுஷர்." இந்த வரியில் நிறுத்திக் கண்ணைக் கசக்கினேன். தூசி. மலையாளத்திலும் வரிக்கு வரி சொன்னேன், எல்லாருக்கும் புரிய வேண்டுமே. சேட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் யார்? மூன்று மாதம் சேச்சி என்று கேட்ட காது இது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"இந்த நோய் மிளகுத் தூசியில் வேலை செய்யும் ஆண்களில் நாலு பேருக்கு ஒருத்தருக்கு வரும் என்று பெரிய டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்," என்று வாசித்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். சுமக்கிறவர்கள் நாங்கள் எட்டுப் பேர். "நான் ஒருத்தன் ஆச்சு," என்றேன். "இன்னும் ஒருத்தன் பாக்கி."

அந்தப்பனுடைய கை மெல்லச் சட்டைக்குள் போயிற்று. எனக்குத் தெரியாது என்று நினைத்தான். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பார்த்தான், அவன் கையும் போயிற்று. ஏழு ஆம்பளைகள் வரிசையாகத் தங்கள் நெஞ்சைத் தாங்களே தடவிக்கொண்டு நின்ற காட்சியை உனக்குப் படம் எடுத்து அனுப்ப முடியவில்லையே! "சேட்டா, ஈ முழ எங்ஙனெயாணு தொடங்கிய?" என்று அந்தப்பன் என்னிடம் கேட்டான். கட்டி எப்படித் தொடங்கிற்று என்கிறான். சேட்டா என்றால் அண்ணன். கவனித்தாயா?

"மிளகு அளவு," என்றேன். "தொட்டால் வலிக்காது. அதுதான் மோசம்."

செவ்வாய்க்கிழமை ஏழு பேரும் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள். என் மாத முறையும் அன்றைக்குத்தான். ரோஸ் பைல் மடியில், நாற்பது பெண்கள் சுற்றி. நர்ஸ் வந்து, "அந்தப்பன் ஆரா? பார்யயுடெ பேரெந்தா?" என்று பெண்டாட்டி பெயரைக் கேட்டாள். அவன் எழுந்து நின்றான். கழுத்திலிருந்து மண்டைவரை சிவந்தான். மாத்திரை சாப்பிடாமலே! நான் பக்கத்தில் போய், என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, "இரிக்கு சேச்சி," என்று விசிறிவிட்டேன். அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், மூன்று மாத எரிச்சலும் அந்த ஒரு விசிறலில் ஆறிவிட்டது. ஒருத்தனுக்கும் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்கள். நூறு நோயாளியில் ஒருவர் என்று நீ எழுதிய கடிதத்தை எரித்துவிட்டேன். நீயும் வாய் திறக்காதே.

டாக்டரிடம் மாத்திரை விட்டதைச் சொன்னேன். அவர் வைத வசவை நான் எழுத மாட்டேன், நம் குடும்பத்து வசவைவிடப் பெரியது. ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்குப் பயமில்லை என்றார். சூட்டுக்குத் தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார். கைக்கு இறுக்கமான ஒரு உறையும் கொடுத்தார், மாட்டினால் ராஜா வேஷம்போல் இருக்கிறது.

வெங்கிடேஸ்வரன் சார் அந்த மொட்டைக் கடிதாசியைக் கேட்டார், யார் அப்படி நல்ல மனசோடு எழுதினார்கள் என்று பார்க்க. படகுத்துறையில் விழுந்துவிட்டது என்றேன். அவர் வேர்க்குருவுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுத்திருக்கிறேன். அரைத்தது நான், இந்தக் கையால்.

உன் அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அவளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பழி பழிதான். கடிதாசி வாசித்த அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்தேன். "கேட்டில் நின்று ஊர் கேட்கச் சொன்னாய் அல்லவா? இனிமேல் தினமும் காலை பத்து மணிக்கு அதே கேட்டுக்கு வா. ஏழு பேர் பார்க்க உன் கையால் மாத்திரையை எடுத்து என் கையில் வை, தண்ணீரையும் கொடு. மழையானாலும் வெயிலானாலும் ஒரு நாள் தப்பக் கூடாது. ஐந்து வருஷத் தண்டனை. நான் விட்ட நாட்களையும் கூட்டிக்கொள்கிறேன்," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை?" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காவல்," என்றேன்.

கிட்டங்கிக்கும் வீட்டுக்கும் நடுவில் முக்கால் மைல். முதல் நாள் வந்தபோது அந்தப்பன் ஆட்கள் மூட்டையை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "வாயைத் தெறங்க, முழுங்கினீங்களான்னு பாக்கணும்," என்றாள். எல்லார் முன்னாலும் நாக்கை நீட்டிக் காட்டினேன். என் தண்டனையில் எனக்கும் கொஞ்சம் விழுந்துவிட்டது.

ஆனைமலைக்கு அடுத்த மாதம் எண்ணெய் கொண்டுபோகிறோம். கல் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், குளிர்விக்க வேண்டும். நீயும் வா. அக்காவையும் கூட்டி வா, கொக்கிக் கதையை நானே அவளுக்குத் திருத்திச் சொல்கிறேன்.

சூடு மறுபடி வந்துவிட்டது மருமகளே. இந்த வரியை எழுதும்போதே தாளில் வேர்வை சொட்டுகிறது. சேட்டு மேஜைக்கு மேலே ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறார், மூன்று மிளகு ஏலத்தில் வந்த லாபத்தை என் பேரில் எழுதி வைத்த மாதிரி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மணி பத்து ஆகப்போகிறது. தெரு முழுக்க மழைத் தண்ணீர். முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கறுப்புக் குடை வருகிறது. அந்தப்பன் என்னைப் பார்த்து, "சேட்டா, சேச்சி வந்நு," என்கிறான்.

வரட்டும். நாலு வருஷமும் எட்டு மாதமும் பாக்கி. ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன்.

பழி எடுத்துக்கொண்டிருக்கும் உன் மாமா,
சுடலைமணி